வேலிக் கம்பி

பதினோராவது வீட்டுக் கதவையும் அம்மா தட்டிவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தையற்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கூடை இல்லாம வந்திருக்க?"

"கீரை விக்க வரலக்கா. நான் குடுத்த கீரைல புழு இருந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஈரல்ல போய் உக்காந்து வளரும். எல்லாரும் ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாத்துருங்க."

அக்கா உள்ளே திரும்பிக் கத்தினார். "யோவ், கேட்டியா? வயித்து வலிக்கு ரெண்டு மாசமா என் சமையலத் திட்டுனியே!" பிறகு அம்மாவிடம், "இத ஊரெல்லாம் சொன்னா இனிமே உங்கிட்ட எவ வாங்குவா?"

"வாங்க வேணாம்க்கா. மொதல்ல போய் பாருங்க."

குரல் நடுங்கவில்லை. தலை குனியவில்லை. பயத்திலும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. இவள் என் அம்மா.

தம்பிக்கு மூன்று வாரமாய்க் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. போன ஞாயிறு கறிக்கடை மாமா எங்கள் ஆட்டை அறுத்து, ஈரலைக் கீறிக் காட்டினார். குழாய்களுக்குள்ளிருந்து பூசணி விதை போலத் தட்டையாய்ப் புழுக்கள் நெளிந்து வந்தன. தம்பிக்கும் வலி ஈரல் பக்கம்தானே என்று, அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனது நான்தான்.

டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி தண்ணில வளர்ற கீரைய பச்சையா சாப்பிடுவானா?"

"நாங்க எல்லாருமே சாப்பிடுவோம் சார். வித்தும் இருக்கேன்" என்றாள் கூட வந்த அம்மா.

"இந்தப் புழுவோட முட்டை ஆட்டுப் புழுக்கைல இருந்து தண்ணிக்குப் போகும். அங்க நத்தைக்குள்ள வளந்து, வெளிய வந்து கீரைல ஒட்டிக்கும். ஆடு கீரைப் பக்கம் போகுமா?"

"போகாதே சார். கம்பி வேலி போட்டிருக்கேன். ஒருவேளை மழைல சாஞ்சிருக்கும்."

தம்பியின் ரத்தப் பரிசோதனையிலும் அதுவே தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தம்பி இன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான்.

வேலி மழையில் சாயவில்லை. பரீட்சை சமயம் ஆட்டுக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமக்கச் சோம்பல்பட்டு, நான்தான் கம்பி முடிச்சை அவிழ்த்து ஆட்டைக் கீரை வளரும் வாய்க்காலில் விட்டேன். ஒரு நாள் இல்லை, அந்த மாதம் முழுக்க.

இன்று ஒவ்வொரு வாசலிலும் அம்மா இதையே சொன்னாள். "என் ஆடு, என் வாய்க்கா, என் தப்பு." சொல்லிவிட்டு என் தோளில் கைபோட்டு, "கண்டுபிடிச்சது என் பொண்ணு" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் தோளில் கனக்கிறது.

மணி ஒன்றரை. எல்லாரும் தூங்குகிறார்கள். கவிழ்த்து வைத்த கீரைக்கூடைக்குப் பக்கத்தில் அம்மாவின் செருப்பு, சேறு காயாமல் கிடக்கிறது. இன்னும் ஒன்பது வீடு பாக்கி. காலையில் என்னையும் கூப்பிடுவாள்.

எந்த வாசலில் வைத்து நான் அவளிடம் சொல்வது?