ஐந்து பேர் போனால் மூன்று டெசிபெல்

சீட்டுக் குலுக்கியதில் முதலில் வந்த பெயரே ஞானசௌந்தரியுடையது. பிரித்துப் படித்த ஜெரோமின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஜெபம் பண்ணி எடுத்த சீட்டு. பெண்டாட்டி பேர் வந்துவிட்டதென்று மறுபடி குலுக்க முடியுமா?

சர்ச் ஹாலில் டைல்ஸ் ஒட்டும் வேலை நடந்ததால், கிறிஸ்மஸுக்குப் பாடும் க்வயரின் பயிற்சி கிழக்குத் தாம்பரத்தில் அவர்களுடைய தரைத்தள வீட்டுக்கு வந்திருந்தது. மொத்தம் பத்துப் பேர். முதல் நாளே மேல்வீட்டு ஸ்ரீவித்யா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அண்ணா, நிறுத்தல்லாம் வேண்டாம். சத்தம் பாதியா குறைஞ்சா போதும். இவ சாயங்காலம்தான் கொஞ்சம் கண்ணை மூடறா."

க்வயர் மாஸ்டர் ஜெரோம் வங்கி அதிகாரி. பாதி என்றால் அவருக்குப் பாதிதான். ஐந்து பேரை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். யாரை என்று சொல்ல வாய் வராமல் சீட்டுப் போட்டார்.

கல்யாணமான முதல் கிறிஸ்மஸிலிருந்து ஞானசௌந்தரி அவருக்கு இடப்பக்கம் நின்று, பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவைப் பாடுகிறவள். பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவளும்கூட.

"என்னங்க, உங்க கணக்கே தப்பு" என்றாள்.

"வருத்தத்துல பேசாத, சௌந்தரி."

வருத்தம் இருந்தது உண்மை. கணக்கு தப்பு என்பதும் உண்மை.

மறுநாள் ஐந்து பேர் ஹாலில் பாட, நிறுத்தப்பட்டவர்கள் கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே!

"மாஸ்டர், ஊறுகாய் இல்லாத தயிர்சாதம் மாதிரி கீது!" என்று ஷெர்வின் வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

மேலே குழந்தை வீறிட்டது. ஜெரோம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த வருஷம் க்வயரே வேணாம். பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

ஞானசௌந்தரி நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். "ஒரு பத்து நிமிஷம் பொறுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். குழந்தையின் தொட்டில் பக்கம் நின்று சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தாள். போன் மைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக் கத்தினாள்.

"அஞ்சு பேர் மட்டும் பாடுங்க!" ஐம்பத்தெட்டு டெசிபெல்.

"இப்போ வெளிய இருக்கறவங்களும் உள்ள போய், எல்லாரும் சேர்ந்து!" அறுபத்தொன்று.

"மூணுதானா?" என்றாள் ஸ்ரீவித்யா. "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுது, அக்கா."

"அப்படித்தான் கேக்கும். இலை அசையறதும் கேக்கணும், பொழிச்சலூர் மேல போற பிளேனும் கேக்கணும். ரெண்டுக்கும் நடுவுல சத்தத்தோட சக்தி கோடிக்கணக்கான மடங்கு. அத்தனையும் காதுக்குள்ள அடங்கணும்னா, அது மடங்குலதான் எண்ணணும். சக்தி பத்து மடங்கு ஆனா ஒரு படி, அதுதான் பத்து டெசிபெல். ஒரு படி இறங்கினாத்தான் நமக்குப் பாதியா தோணும். பத்துப் பேர் பாடறது பாதியா கேக்கணும்னா, ஒரே ஒரு ஆள்தான் பாடணும்!"

"ஐயோ, பாவம் அந்த ஒருத்தர்."

ஞானசௌந்தரி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே அவர்கள் ஹாலின் பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. ஜெரோமுக்குக் காற்று வேண்டும். அதனால் மொத்த க்வயரும் அந்தக் கதவைப் பார்த்து நின்றுதான் பாடும்.

"என்னங்க, கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க! உள்பக்கம் திரும்பி, எல்லாரும் பாடுங்க!"

நாற்பத்தேழு. ஒரு படிக்கும் மேலேயே இறங்கிவிட்டது.

குழந்தை பெருவிரலை வாயில் வைத்தது. ஸ்ரீவித்யா மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

ஞானசௌந்தரி கீழே வந்து எண்ணைக் காட்டியபோது ஜெரோம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"ஆனா சீட்டு விழுந்துடுச்சே, சௌந்தரி. ஜெபம் பண்ணி எடுத்தது."

"ஜெபம் பண்ணித்தான் எடுத்தீங்க. அதான் என் பேர் முதல்ல வந்துது. நான் ஹால்ல பாடிக்கினு இருந்தா, மேல போய் யாரு அளந்திருப்பா?"

ஜெரோம் சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்தார். பிறகு ஃபேனை ஐந்தில் வைத்தார். தன் இடப்பக்கத்தில் நின்றிருந்த ஷெர்வினைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. அது ஆல்டோ இடம்."