விசிலோடு ஒன்று, விசில் இல்லாமல் ஒன்று

தங்கதுரையின் பாட்டில் ஒரே ஒரு கோளாறுதான் உண்டு. அதைப் போட்டால், மட்டாஞ்சேரியில் அவன் குடியிருக்கும் சந்தில் பெண்கள் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

பெண்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தங்கதுரை கார்ப்பரேஷனில் குப்பை எடுக்கிறவன். காலையில் தள்ளுவண்டியோடு சந்து முனையில் நின்று விசில் ஊதுவான், குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அந்தச் சத்தத்துக்குக் கதவுகள் திறக்கும், பச்சை வாளிகள் வெளியே வரும். அவன் கட்டிய ‘வெளிய வா’ என்கிற ராக் பாட்டும் அதே விசிலில்தான் தொடங்குகிறது. வந்திருப்பது வண்டியா பாட்டா என்று அடுப்படியில் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாட்டை முதன்முதலில் பதிவு செய்தது அவன் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்கு அடியில். கிட்டார் சஜி. எர்ணாகுளத்தில் மொபைல் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் பதிவு செய்த போனும் அவனுடையதுதான். டிரம்ஸ் பினு. வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் சரிபார்க்கும் வேலை. அவனுடைய டிரம் செட் மாடிப்படியில் ஏறவில்லை. அதனால் மீன் பெட்டி இரண்டையும் பெயின்ட் டப்பா ஒன்றையும் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். பாட்டு எழுதியதும் பாடியதும் தங்கதுரை. எழுதியது தமிழ்ப் பாட்டு, எழுத்து மலையாளம். அவனுக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், திட்டவும் வரும். எழுதத்தான் வராது.

அந்த டெமோவைக் கேட்டால் எந்த ஆசிரியரும் மார்க் போட மாட்டார். பினு மூன்று வரை எண்ணிவிட்டு நாலை மறந்துவிட்டான். விசிலுக்கு நடுவில் காக்கா ஒன்று தன் பங்குக்குக் கத்துகிறது. இரண்டாவது சரணத்தில் தங்கதுரை வரியை விட்டுவிட்டுச் சிரிக்கிறான். காரணம் பக்கத்து வீட்டு பாக்கியலக்ஷ்மி. விசிலைக் கேட்டு வாளியோடு வெளியே வந்தவள், வண்டியைக் காணாமல் மாடியைப் பார்த்து, “எந்தாடா இது, வண்டி எவிடே?” என்று கேட்டது தூரத்தில் விழுந்திருக்கிறது. அப்படியே வாட்ஸாப்பில் போட்டார்கள். அது பள்ளுருத்திக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எர்ணாகுளத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் தன்யாவின் காதில் விழுந்தது. ஆல்பமே போடலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள்.

ஆல்பத்துக்கான பாட்டு தயாராகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன்யாவே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் சொன்னால்தான் குறித்த நாளில் வெளியிடலாம். வந்தவளுக்கு சங்கரி கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். சங்கரி தங்கதுரையின் மனைவி. வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம்.

முதலில் பழைய டெமோவைப் போட்டார்கள். சந்தில் இரண்டு கதவு திறந்து, “போடா” என்று சொல்லி மூடின. பிறகு புதியது. விசில் இருந்த இடத்தில் சஜியின் கிட்டார் மிக அழகாக எழுந்து வந்தது. பினு நாலையும் சரியாக எண்ணினான். காக்கா இல்லை, சிரிப்பு இல்லை. தங்கதுரையின் குரலில் இருந்த பிசிறு எல்லாம் எங்கோ போய், ஒவ்வொரு வார்த்தையும் துடைத்து வைத்த பாத்திரமாக விளங்கியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. சஜிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

நடையில் உட்கார்ந்து கேட்ட பாக்கியலக்ஷ்மிதான் முதலில் பேசினாள். “பாட்டு குளிச்சு பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. யாரு வீட்டுப் புள்ளைன்னுதான் தெரியல.”

விசில் எங்கே என்று பினுவின் பக்கம் திரும்பிக் கேட்டாள் சங்கரி. பினு கிட்டாரைப் பார்த்தான், சஜி பினுவைப் பார்த்தான். தங்கதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆல்பத்துக்கு விசில் பொருந்தாது என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள் என்றான். ஸ்டூடியோ என்பது எதிரே உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று.

தன்யா வெள்ளந்தியான பெண். நிமிர்ந்து பார்த்து, “இல்ல சேச்சி. விசிலை வைக்கணும்னு நான் எத்தற தடவை பறஞ்சேன். சேட்டன்தான் வேண்டவே வேண்டான்னு நின்னார்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.

சங்கரி குழம்பு ஊற்றினாள். தங்கதுரையின் தட்டில் மட்டும் ஊற்றவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

விசிலுக்கும் சங்கரிக்கும் உள்ள கணக்கு பழையது. கல்யாணத்துக்கு முன்பு அவனுக்குப் பள்ளுருத்திப் பக்கம் வேலை. அங்கே ஒரு வீட்டிலிருந்து தினமும் ஒரு பெண் வாளியோடு வருவாள். வாளியில் கனமே இருக்காது. கவிழ்த்தால் ஒரே ஒரு கறிவேப்பிலைக் காம்பு விழும். உங்கள் வீட்டில் சமையலே கிடையாதா என்று ஒருநாள் கேட்டான். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் காம்பைத்தான் அவன் கட்டிக்கொண்டான் என்று பினு இன்றைக்கும் சொல்வான்.

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த பிறகு அவர்கள் சந்தே அவன் வேலை பார்க்கும் இடமானது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அடுப்படி வாளியைக் கையோடு எடுத்துப் போகலாம். ஆனால் அந்த வீட்டில் அது வழக்கமில்லை. அவன் வெறுங்கையோடு போவான், வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து விசில் ஊதுவான். சங்கரி யாரோ ஒருவருக்குக் கொடுப்பதுபோல வாளியைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவனும் யாரோ மாதிரி வாங்குவான். சந்து முழுக்க இதைப் பார்த்துச் சிரிக்கும். ஒருநாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை.

தன்யாவும் கூட்டாளிகளும் போன பிறகு சங்கரி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். “சாருக்குச் சாயா. சர்க்கரை பொருந்துமான்னு ஸ்டூடியோல கேட்டுச் சொல்லுங்க.”

தங்கதுரை டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டான். போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு காலேஜில் பாடினார்களே, அன்றைக்கு யூடியூப் சேனல்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டி என்ன வேலை என்று கேட்டாள். கார்ப்பரேஷனில் என்றான். ஆபீஸிலா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டான். ஒரே ஒரு தலையாட்டல்தான். அது இப்போது போனில் ஊர் முழுக்க ஓடுகிறது. அதற்குப் பிறகு பாட்டில் விசில் எப்படி இருக்கும்? அது என்ன சத்தம் என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வது? அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேலையை நினைத்து ஒரு வெட்கம், தலையாட்டியதை நினைத்து அதைவிடப் பெரிய வெட்கம். எந்த வெட்கம் எது என்று பிரிக்கத் தெரியாமல் விசிலை எடுக்கச் சொல்லிவிட்டான்.

சங்கரி அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கேலி எல்லாம் வடிந்த குரலில் பேசினாள்.

“பாட்டு நல்லாருக்கு. உங்க குரலும் நல்லாருக்கு, நான் பொய் சொல்லல. ஆனா அன்னிக்குப் பள்ளுருத்தியில இந்தப் பாட்டு கேட்டிருந்தா நான் வெளிய வந்திருக்க மாட்டேன்.”

அவன் ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சந்தில் விசில் ஊதினான். கதவுகள் திறந்தன. வாளிகள் வந்தன. அவன் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. மறுபடி ஊதினான். வாளியைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவர்கள் ஒருவரும் போகவில்லை. இப்படி ஒரு காட்சி இலவசமாகக் கிடைக்கும்போது யார்தான் போவார்கள்.

“ஆபீசர் வீட்ல குப்பையே சேரல போலிருக்கு” என்றாள் பாக்கியலக்ஷ்மி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்து சங்கரியின் குரல் நிதானமாக வந்தது. விசில் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் தனக்குக் கேட்கவே இல்லையாம்.

சந்து சிரித்தது. தங்கதுரைக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் இத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் நின்றபோது அவனுக்கு ஒன்று புரிந்தது. இங்கே கையில் உறையோடு, வண்டியோடு, அழுகிய பழ நாற்றத்தோடு நிற்கிறான். ஒருத்தருக்கும் அவன் யார் என்பதில் சந்தேகமில்லை. அவனுக்கும் இல்லை. எர்ணாகுளத்தில்தான் அந்தச் சந்தேகமெல்லாம் வருகிறது. அவன் உறையைக் கழற்றி வண்டி மேல் போட்டுவிட்டு தன்யாவைக் கூப்பிட்டான். ஜன்னலுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகவே பேசினான்.

“தன்யா, கிட்டாருக்கு முன்னாடி விசில் வேணும். யாரு கேட்டாலும் குப்பை எடுக்கிறவன் ஊதுறதுன்னு சொல்லு. அந்த சேனல் பொண்ணுகிட்ட நானே பேசிக்கிறேன்.”

தன்யாவுக்குத் தூக்கம் முழுதாகக் கலையவில்லை என்றாலும் சந்தோஷம் குரலில் தெரிந்தது. டெமோவில் இருக்கும் விசிலை எடுக்க முடியாது, காக்காவும் கூடவே வந்துவிடும் என்றாள். புதிதாக ஒன்று ஊதி அனுப்பினால் உடனே சேர்த்துவிடலாம். மற்ற எதையும் மாற்ற வேண்டியதில்லை.

தங்கதுரை போனைப் பதிவில் போட்டு வண்டி விளிம்பில் சாய்த்து வைத்தான். எல்லோரையும் பார்த்து வாயில் விரலை வைத்தான். மட்டாஞ்சேரியில் ஒரு சந்து காலை நேரத்தில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. இருந்தும் பேசாமல் நின்றார்கள். பாக்கியலக்ஷ்மி தும்மலைக்கூட முந்தானையில் பிடித்துக்கொண்டாள்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

நீளமானது தேய்ந்து முடியும் இடத்தில், எண்ணெய் போடுகிறேன் என்று அவன் எப்போதும் சொல்லி எப்போதும் போடாத தாழ்ப்பாள் கிறீச்சென்று இழுபட்டது. கதவு திறந்தது. சங்கரி பச்சை வாளியோடு இறங்கி வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீட்டினாள். அவன் வாங்கினான். வாளியில் கனமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரே ஒரு கறிவேப்பிலைக் காம்பு கிடந்தது.

நேற்றைய மீன் முள்ளும் கப்பைத் தோலும் நிறைந்த அசல் வாளி அடுப்படியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க அதை மறைக்கவும் தோன்றவில்லை. பதிவை நிறுத்தி தன்யாவுக்கு அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. விசில் பிரமாதமாக விழுந்திருக்கிறதாம். கடைசியில் மட்டும் ஏதோ கதவு திறக்கும் சத்தம் இருக்கிறதாம், அதை வெட்டிச் சுத்தம் செய்துவிடவா என்று கேட்டிருந்தாள்.

தங்கதுரை வண்டி மேல் சாய்ந்து நின்று மலையாள எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

“வெட்டாதே. அந்தக் கதவுக்காகத்தான் ஊதினேன்.”