பின்னுக்குப் போன ஒரு மணி நேரம்

2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு, சமோவாவின் சவாயி தீவில், ஒரு மீனவர் சங்கத்தின் வானொலி அறையில் இருந்த கணினி தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டது. ஞாயிறு என்பதால் அறை பூட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை மசினா வந்து வானொலியைப் போட்டாள். பதினொரு வருஷமாக அவளுக்கு இதே வேலை. கடலுக்குப் போன படகுகள் கூப்பிட்டுத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். அவள் தட்டச்சு செய்வாள். நேரத்தைக் கணினியே போட்டுக்கொள்ளும். கையால் நேரம் எழுதக் கூடாது என்பது சங்கத்தின் விதி. மணி பார்க்க வேண்டுமென்றால் அவள் கைபேசியைத்தான் பார்ப்பாள். திரையின் மூலையில் இருக்கும் எண்கள் அவள் கண்ணில் பட்டு மாதக்கணக்காகியிருந்தது.

அன்று வெளியே போயிருந்தது ஒரே படகு. அவள் தம்பி தனியேலுவுடையது. கூடப் போனவன் மிகாயெலே. மதியம் தம்பி கூப்பிட்டான். கரைக்கு வடக்கே முப்பத்தைந்து மைலில் இருப்பதாகவும், பெட்டி நிறையச் சூரை மீன் கிடைத்ததாகவும், திரும்பி வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னான்.

"கிழங்கை அடுப்புல ஏத்திடு அக்கா. போன தடவை மாதிரி கல்லு கல்லா எடுத்துடாத. மிகாயெலேவுக்குப் பல்லு ரெண்டு ஆடுதாம்."

பின்னால் மிகாயெலே சிரிப்பது கேட்டது. அவள் இடத்தைத் தட்டச்சு செய்தாள்.

மூன்று மணிக்குச் சூறைக்காற்று அடித்தது. அரை மணியில் ஓய்ந்தும் விட்டது. ஆறு மணியாகியும் படகு வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை.

தேடுதல் விமானம் நியூசிலாந்திலிருந்து வர வேண்டும். அங்கிருந்து தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: கடைசியாக எப்போது, எங்கிருந்து பேசினார்கள்? நினைவிலிருந்து சொல்லச் சொல்லியிருந்தால் மசினா 'மதியம்' என்றுதான் சொல்லியிருப்பாள். திரையில் எண் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு நாற்பது என்று வாசித்தாள். பதிவின் நகலையும் அனுப்பினாள்.

படகு மணிக்கு எட்டு மைல் ஓடும். பன்னிரண்டு நாற்பதுக்கு முப்பத்தைந்து மைலில் இருந்தால், காற்று அடித்தபோது கரைக்குப் பதினாறு மைலில் இருந்திருக்கும். அங்கிருந்து மேற்கே நீரோட்டம் இழுக்கும் திசையில் செவ்வாயும் புதனும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

புதன் சாயங்காலம் தேடுதல் மையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார்.

"எங்க நேரம் உங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால இருக்கணும். ஆனா நீங்க நகல் அனுப்பினப்போ அதுல விழுந்திருக்கிற நேரம் எங்க சுவர்க் கடிகாரத்தோட ஒத்துப்போகுது. உங்க கணினியில இப்போ மணி என்னம்மா?"

"நாலு இருபது."

"கைபேசியில?"

மசினா கைபேசியைப் புரட்டிப் பார்த்தாள். ஐந்து இருபது. அதை அப்படியே வாசித்தாள். தொலைபேசிக்கு அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

இது தொடங்கியது முந்தைய செப்டம்பரில். அங்கே கோடை நெருங்கும் செப்டம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, ஏப்ரலில் பின்னால் வைக்கும் வழக்கத்தை நாடு கைவிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கிருந்தோ பழையதாக வந்து சேர்ந்த அந்தக் கணினிக்குள் பழைய அட்டவணை அப்படியே இருந்தது. ஒரு திங்கள்கிழமை வந்து பார்த்தால் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கையால் திருத்தினால், இணையத்தில் இருக்கும் நேர சர்வரைக் கேட்டு மறுபடி முன்னால் போய் நின்றது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் இதே தொல்லை. மீன் கொடுக்க வந்த தனியேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சர்வரோடு இருந்த இணைப்பை அணைத்துவிட்டுக் கையால் மணி வைத்தான். இனிமேல் இது வெளியூர்க்காரன் பேச்சைக் கேட்காது, நம் பேச்சைத்தான் கேட்கும் என்றான். முன்னால் போகச் சொல்லும் அட்டவணை ஏப்ரலில் பின்னால் வரவும் சொல்லும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

உண்மையில் தம்பி பேசியது ஒன்று நாற்பதுக்கு. காற்று அடித்தபோது அவன் கரைக்கு இருபத்துநான்கு மைலில் இருந்திருக்கிறான்.

வியாழன் காலை விமானம் எட்டு மைல் தள்ளித் தேடத் தொடங்கியது. மதியத்துக்குள் கவிழ்ந்த படகு கிடைத்தது. அடிப்பாகத்தில் ஒரு கம்பில் தனியேலுவின் சிவப்புச் சட்டை கட்டியிருந்தது. ஆளைக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு இரண்டு கயிற்று வளையங்கள் இருந்தன. இரண்டும் காலி. ஒரு நாளாவது உயிரோடு இருந்திருப்பார்கள், ஒருவேளை இரண்டு நாள், என்றார்கள். மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஜெபித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்து தலைநகர் ஆப்பியாவிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். வானொலி அறைக்குள் மிகாயெலேவின் மனைவி எலிசபெத்தா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன்மார் மூவர் வாசலை அடைத்து நின்றார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வது என்றுதான் மசினா வந்திருந்தாள். கடலுக்குக் கூட்டிப் போனவனும் அவன், கடிகாரத்தைக் கெடுத்தவனும் அவன் என்று இவர்கள் வீட்டில் தம்பியின் பெயர் காலத்துக்கும் அடிபடும் என்பது அந்த மூவரையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"சர்வர் இணைப்பை அணைச்சது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான்."

"எங்க, எப்படின்னு காட்டுங்க."

அவளுக்கு அது தெரியாது. தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி. சுட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள். ஐந்தாவது தடவை அந்த இடம் வந்தது. அதிகாரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

எலிசபெத்தா எழுந்தாள்.

"உங்களை நம்பித்தானே அக்கா ரெண்டு பேரும் போனாங்க."

"ஆமா," என்றாள் மசினா.

அதிகாரி அட்டவணையைப் புதுப்பித்துக் கணினியை மறுபடி சர்வரோடு இணைத்தார். அறிக்கை ஜூனில் வந்தது. தவறுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் மசினாவின் பெயர் இருந்தது. சங்கம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. உடல்கள் கிடைக்கவில்லை.