பச்சைப் பட்டை வந்த விதம்

1

அன்று எங்கள் முற்றத்து வெயிலில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கேவல்ராம் சௌஹான் ஆகிய நான், என் மருமகள் பிமலா, ஆறு வயதுப் பேத்தி தாரா, பக்கத்து வீட்டு லஜ்ஜா. நான்கு பேர். (ஐந்தாவதாக ஒரு பெயர் எழுதி அடித்திருக்கிறேன். மையைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.)

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மஃப்ளர். ஊர் அதைப் பற்றி இஷ்டத்துக்குப் பேசுகிறது. எங்கள் குடும்ப மானம் பேருந்து நிறுத்தத்துப் பேச்சில் போகக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: "ரோஹ்ரு மலைமேல் பனி வெள்ளிச் சால்வையாய்..." வேண்டாம். பனி பனியாகத்தான் இருந்தது. தாராவுக்கு இருமல் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: ஆலங்கட்டி மழை ஆப்பிளை அடித்துப்போட்ட வருடம். கடைக் கம்பளி வாங்க வழியில்லை. [சௌஹான் வீட்டில் வழியில்லை என்று எழுதுவதா? போகட்டும். ஊர் முழுக்க அதே மழைதான்.] எல்லா வீட்டையும் போலப் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தோம். என் மகனின் பள்ளிக்கூட மெரூன், என் தபால்துறைக் காக்கி. தாராவுக்கு மஃப்ளர்: பத்து வரிசை அது, பத்து வரிசை இது.

பாதி பின்னியதும் தாரா பார்த்தாள்.

"தாத்தா, சேறு மாதிரி இருக்கு. பச்சை வேணும். இல்லைனா போட மாட்டேன்."

"பச்சைக்கு எங்கடி போறது?" என்றாள் பிமலா.

லஜ்ஜா ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்: "ஊர்ல பச்சை ஒருத்தர்கிட்டதான் இருக்கு. பேரைச் சொன்னா உங்க மாமாவுக்கு ரத்தம் கொதிக்கும்."

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜியாலால் நேகி. பத்து வருடத்துக்கு முன் என் மகனின் கல்யாணப் பந்தியில், நூறு பேர் நடுவில், "கறியில உப்பு இல்லையே" என்றவன். அன்றிலிருந்து அவன் வந்தால் நான் எழுந்துவிடுவேன். பஞ்சாயத்தானாலும் சரி, சாவு வீடானாலும் சரி. ஒருமுறை பேருந்திலிருந்து இறங்கி நாலு மைல் நடந்தேன்.

(உப்பு இருந்தது.)

4

பிரித்த நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, கட்டித் துவைத்துக் காயவைத்தபின் ஒருவர் அதை இரு கைகளிலும் மாட்டி விரித்துப் பிடிக்க, இன்னொருவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். கடைசி மெரூன் சிட்டம் என் கைகளில் இருந்தது. பிமலா சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது நேகி படியேறி வந்தான். தோளில் பச்சைச் சிட்டம். (சரி, ஐந்து பேர்.)

நான் எழுந்தேன்.

"ஐயோ மாமா, உக்காருங்க! சிக்கிடும்!"

"சிக்கட்டும் விடு," என்றாள் லஜ்ஜா. "பேத்தி கழுத்தைவிட அண்ணனுக்கு உப்புதான் முக்கியம்."

உட்கார்ந்தேன். [நேகி கண்கலங்கி என் கால்களை... இல்லை. அப்படி நடக்கவில்லை.]

அவன் பிமலாவிடம் பேசினான். "உன் பொண்ணு தினமும் என் வாசல்ல நின்னு என் பச்சை ஸ்வெட்டரையே பாத்துச்சு. பிரிச்சுட்டேன். உங்க மாமாவைக் கையைக் கொஞ்சம் அகலமா பிடிக்கச் சொல்லும்மா."

"எனக்கு நூல் பிடிக்கத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லு."

மெரூன் தீர்ந்தது. இப்போது எழுந்து போயிருக்கலாம். தாரா இருமினாள். நான் கைகளை இறக்கவில்லை. அவன் பச்சையை மாட்டினான்.

பிமலா தேநீர் கொண்டுவந்தாள். என் கைகள் கட்டுண்டிருந்ததால் நேகியே டம்ளரை என் வாயருகில் பிடித்தான். பிறகு தன்னுடையதை ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை கம்மியா இருக்கே," என்றான்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நான் எழுந்து உள்ளே போகிறேன். ஒன்றில் சிரிக்கிறேன். மூன்றாவதைச் சொல்வதற்கில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். மஃப்ளரில் பச்சைப் பட்டைகள் ஏழு. தாரா அதைக் கழற்றுவதே இல்லை.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். நான் நேகியைக் கட்டிப்பிடித்து அழுததாகப் பேருந்து நிறுத்தத்தில் சொல்கிறார்கள். பொய். என் இரண்டு கைகளிலும் நூல் இருந்தது.