லாவெண்டர் மணக்கும் வேட்டைச் சட்டை

முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் முடித்து வந்த மார்லிஸுக்கு நிலவறைப் படி இறங்கவே கால் வரவில்லை. துணி உலர்த்தும் டிரையரைத் திறந்தாள். கணவன் வெர்லினின் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையிலிருந்து லாவெண்டர் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது.

விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. இலை உதிரத் தொடங்கியதுமே துணி மணக்க டிரையரில் வாசனைத் தாள் போடக்கூடாது என்பது விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தப் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். வேறு துணிக்குப் போட்டாலும் மணம் டிரையருக்குள் தங்கிவிடும். மானின் மூக்கை யார் ஏமாற்றுவது? மற்ற வருஷமென்றால் ஊர்க் கேலியோடு போயிருக்கும். இந்த வருஷம் வெர்லின் வேலை பார்த்த காகித ஆலையை மூடிவிட்டார்கள். குளிர்காலக் கறிக்கு இந்த வேட்டைதான் கதி.

காலையில் அரைத் தூக்கத்தில் தன் சீருடைகளோடு ஒரு தாளைப் போட்டதும் அவள்தான், அவை காய்ந்ததும் அதே டிரையரில் அவன் துணியைத் திணித்ததும் அவள்தான். நாளெல்லாம் மருந்தும் மூத்திரமும் நாறும் அறைகளில் குனிந்து நிமிர்கிறவளுக்குத் தன் சட்டைக் கையில் அடிக்கும் அந்த மணம் ஒன்றுதான் ஆறுதல். இத்தனை நாள் அதையும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

மேலே ஏறி வந்து சட்டையை நீட்டினாள். "வெர்லின், தப்பு பண்ணிட்டேன்."

அவன் முகர்ந்து பார்த்தான். "அடிப்பாவி! இதைப் போட்டுட்டுப் போனா மான் ஓடாது, என்னையக் கல்யாணம் பண்ணிக்கும்."

"சிரிக்காத. திட்டிடு, அதுவே தேவல."

"திட்டினா வாசனை போயிடுமா?"

அவன் சிரிப்பில் உயிரில்லை. சட்டையைப் பனிக்காற்றில் வாசல் கம்பியில் தொங்கவிட்டான்.

மறுநாள் மதியமே வெறுங்கையோடு திரும்பிவிட்டான்.

"வந்துச்சு. நல்ல கொம்பு மான். துப்பாக்கியத் தூக்கறதுக்குள்ள மூக்கைத் தூக்கிப் புஸ்ஸுன்னுச்சு, வெள்ளை வாலக் காட்டிட்டு ஓடிடுச்சு."

வேலை முடிந்து வந்த மார்லிஸ் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைக்கவும் கை எழவில்லை. "இனிமே அந்தத் தாள் இந்த வீட்டுக்குள்ள வராது."

"யாரு கேட்டா?" அவன் குனிந்து அவள் ஷூ நாடாவை அவிழ்த்தான். "காலைல மரத்து மேல உக்காந்து அந்த வாசனையத்தான் மோந்துட்டிருந்தேன். ஓடா உழைக்கிறவ நீ. வீட்டுல சும்மா இருக்கறவன் என் துணிய நானே தொவச்சிருக்கணும் இல்ல? போய்ப் படு, கண்ணு."

அவள் தூங்கும்போது கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டபடியே இருந்தது. வேட்டைத் துணியை, மணம் போக, சமையல் சோடா கரைத்த வாளியில் ஊறவைத்துக் கசக்கி, கணப்பு அடுப்பருகே காயப்போட்டான்.

விடியற்காலையில் அவள் எழுந்தபோது நாற்காலியில் சீருடை மடித்து வைத்திருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. கையை நுழைத்ததும் உள்ளே ஏதோ உரசியது. உருவி எடுத்தாள். வாசனைத் தாள்! மறு சட்டைக் கைக்குள் இன்னொன்று.

"ரெண்டா போட்ட?" என்றபடி லாவெண்டர் மணக்கும் சீருடையோடு வாசலுக்கு ஓடினாள். அவன் வெளிக்குளிரில் நடுங்கிக்கொண்டே வேட்டைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினான்.

"கிட்ட வராத! கட்டிப்பிடிச்சுக் கெடுத்துடாத. கறியோட வந்து பாத்துக்கறேன்."

பல நாளுக்குப் பிறகு மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, எட்டவே நின்று, அவனை வழியனுப்பினாள்.