ஏழாம் பதிவில் ஒரு காலியிடம்

1

விவரம்தான் எழுத்தின் உயிர். ஆளின் முகத்தை அழித்துவிட்டு எழுதுகிறவன் எழுத்தாளனே அல்ல, குமாஸ்தா. மனித குலத்துக்கு இந்த உண்மையை அறிவிக்கப் பிறந்தவன், இந்தக் கதையை எழுதுகிறவன். அறிவித்த இடம்: கல்லூரி இதழ், பதினான்காம் பக்கம், கேன்டீன் விளம்பரத்துக்கு மேலே.

இந்தக் கதை பிறந்ததும் அந்தப் பக்கத்தில்தான். அதே பக்கத்தில்தான் அவன் அக்காவின் சான்றிதழும் போனது. ('துரதிர்ஷ்டவசமாக' என்று முதலில் எழுதியிருந்தான். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் அடித்துவிட்டான்.)

2

அக்காவை எப்படித் தொடங்குவது?

"அக்கா ஒரு தியாக—" வேண்டாம். படித்தால் அடிப்பாள்.

"போதை என்னும் அரக்கனை எதிர்த்து—" இது சுவரொட்டி.

அக்கா போதைத் தடுப்பு மையத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். குடியோ மாத்திரையோ தங்களை விழுங்கிவிடுமோ என்று பயந்து வருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்பாள். திடீரென்று ஒரு விதி வந்தது: சான்றிதழ் இல்லாதவர்கள் இனி யாரிடமும் தனியாகப் பேசக்கூடாது. அதற்குத் தேர்வு எழுத வேண்டும். தான் பார்த்தவர்களைப் பற்றிப் பத்துப் பதிவுகளும் தர வேண்டும், ஒருவரையும் அடையாளம் தெரியாதபடி.

தேர்வில் தேறினாள். பதிவுகளை டைப் செய்யத் தம்பியை உட்காரவைத்தாள்.

"ஒருவர் வந்தார். ஒரு பழக்கம் பற்றிச் சொன்னார். என்னக்கா இது? வெள்ளைப் பேப்பரையே குடுத்துடலாமே."

"வாயை மூடிட்டு டைப் பண்ணுடா."

"உன் நோட்டுல எவ்வளவு இருக்கு! அந்த ஏழாவது ஆளு ஒரு முழுக் கதைக்கா."

"கதை இல்லடா. அவரு வியாழக்கிழமை வர்றவரு."

3

ஏழாவது ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர் ஓர் ஓட்டுந— (அடித்தாயிற்று.) ஒரு தச்ச— (அதுவும். தச்சரின் மகளும் எங்காவது படித்துக்கொண்டுதான் இருப்பாள்.) சரி, ஒருவர். பதினோரு வாரமாகக் குடிக்காதவர். பேசத் தொடங்கும் முன் எப்போதும் [                    ].*

* அச்சுப்பிழை அல்ல. கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஒரு பழக்கத்தை அக்காவின் நோட்டிலிருந்து உருவி, 'ஒருவர் ஒன்றைச் சொன்னார்' என்ற தலைப்பில் கல்லூரி இதழில் கட்டுரை எழுதினான். இடது பக்கம் அக்காவின் செத்த பதிவு. வலது பக்கம் அவனுடைய உயிருள்ள வடிவம். விடுதியே உருண்டு சிரித்தது. வகுப்பில் மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. (வரிசை மாற்றப்பட்டுள்ளது.)

"இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"சும்மா, கற்பனை."

"எங்கப்பா உனக்குக் கற்பனையா?"

அந்த வியாழக்கிழமை அவர் மையத்துக்கு வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை.

4

இதழ் சான்றிதழ்க் குழுவின் கைக்கும் போனது. குழு அக்காவைக் கூப்பிட்டது. தம்பி வெளியே பெஞ்சில் இருந்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"நோட்டு எப்படிம்மா வெளிய போச்சு?"

"வீட்டு மேசை மேல விட்டுட்டேன் சார். ஒருத்தர் எடுத்துட்டாரு."

"யாரு?"

"ஒருத்தர்."

அவன் எழுந்தான். உள்ளே போகச் செருப்பைத் தேடினான். தேடி முடிப்பதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. (செருப்பு காலிலேயே இருந்தது.)

இரண்டு வருடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்றார்கள். அக்கா இப்போது அதே மையத்தின் வாசலில் டோக்கன் கொடுக்கிறாள். கேட்கிற வேலையை வேறொருவர் பார்க்கிறார்.

5

முடிவுகள், உங்கள் வசதிக்கு:

(அ) குழு மனம் மாறுகிறது. முத்திரையைக் கையில் வைத்திருக்கிறவர்கள் மனம் மாறி இவன் பார்த்ததில்லை.

(ஆ) மறுநாள் இவனே குழுவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கி— இதை நான்கு முறை எழுதினான். எழுத மட்டும் செய்தான்.

(இ) ஒரு வியாழக்கிழமை அவர் வருகிறார், டோக்கன் கேட்கிறார்.

பென்சிலில் எழுதிய இந்தக் கதையை அக்காவிடம் நீட்டினான். அவள் முழுக்கப் படித்தாள். ஓர் இடத்தில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். மூன்றாம் பகுதியில் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இது நிஜம்."

"ஒரே ஒரு வரிக்கா. அது இல்லன்னா கதையில உயிரே இல்ல."

அக்கா பென்சிலை அவன் பக்கம் உருட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அன்று வியாழக்கிழமை.

"அவரு திரும்ப வந்தாராக்கா?"

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"யாரு?"

ஆகவே அந்த மூன்றாவது முடிவு இவனிடம் இல்லை. என்றாவது ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் போனால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தாலும் வந்து சொல்ல வேண்டாம்.

அவன் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனான். வட்டத்துக்குள் இருந்ததை ரப்பரால் அழித்தான். தூளை ஊதினான். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடைப்புக்குறி போட்டான்.