பம்பாய்க்கு ஓடிப்போன ஜியாவுல்லா

எழுபத்தாறாம் வருஷம் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் ஜியாவுல்லா மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். சுத்துப்பட்டில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் மாட்டு வண்டியில் ஏறி அவரிடம்தான் வரும். ஷார்ஜாவிலிருந்து மச்சான் கடிதம் போட்டிருந்தான். அவன் கம்பெனியில் காயில் கட்ட ஆள் வேண்டுமாம். கார்த்திகை தீபத்துக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் வேலை ஜியாவுல்லாவுக்கு, இல்லையென்றால் வாணியம்பாடிக்காரன் ஒருவன் பெட்டியோடு காத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள், மழை பெய்தால் வீட்டுக்குள் ஏழெட்டு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டிய கூரை. ஜியாவுல்லா இரண்டு தடவை யோசிக்கவில்லை.

மனைவி ஜாஹிரா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத மனுஷர் அவர்.

தெருவில் வேறு யாருக்கும் அவர் மூச்சு விடவில்லை. போன வருஷம் ஒருவர் துபாய் போகிறேன் என்று தெருவுக்கே பிரியாணி போட்டு, மாலையோடு பஸ் ஏறி, ஏஜெண்டிடம் ஏமாந்து மூன்றாம் நாளே அதே பஸ்ஸில் திரும்பி வந்திருந்தார். அந்தக் கண்ணேறு தனக்கு வேண்டாம் என்று ஜியாவுல்லா வாயைத் தைத்துக்கொண்டார். தைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் போட்டோ. தொப்பி நிழல் நெற்றியில் விழுகிறது என்று மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு எடுத்தார். காது தெரியவில்லை என்றார்கள். காது என்ன, அவசரத்துக்குக் கழற்றிக் கொடுக்கிற சாமானா? மூன்றாம் தடவை ஸ்டூடியோக்காரருக்கே ரோஷம் வந்துவிட்டது. தன் வித்தை மொத்தத்தையும் அந்த ஒரு படத்தில் இறக்கினார். பென்சிலால் மீசை தீட்டி, கன்னத்தை வெளுப்பாக்கி, கண்ணில் ஒரு பொட்டு ஒளியும் வைத்துக் கொடுத்தார். ஜாஹிரா பார்த்துவிட்டு, "யாருங்க இந்த மாப்பிள்ளை? நல்லாத்தான் இருக்காரு" என்றாள். ஜியாவுல்லாவின் சாயல் துளியும் இல்லாத அந்தப் படத்தைக் கவுண்டரில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது, இவர் யோக்கியர் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே பெரிய அதிகாரி மாட்டு டாக்டர். அவர் ஒரு காளையின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே, "இதுக்கும் பல்லு நல்லா இருக்கு, உனக்கும் நடத்தை நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். கைம்மாறாக அவர் வீட்டு மோட்டாருக்கு முழுக் காயிலும் இலவசம். இப்படி ஒவ்வொரு தடவையும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனால், கவுண்டரில் புதிதாக ஒரு குறை காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் அந்தக் கவுண்டர்காரருக்கு அப்புறம் எப்படிப் பொழுது போகும்? பக்ரீதுக்கு வளர்த்த ஆடு பஸ் டிக்கெட்டாகவும் போட்டோவாகவும் மாறிக் கரைந்தே போனது. இங்கே செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பாஸ்போர்ட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜியாவுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, "போலீஸ் விசாரணைக்கு வருவாங்க, வீட்ல இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஜியாவுல்லா சிவப்புத் தொப்பிக்கும் லத்திக்கும் காத்திருந்தார்.

அந்த வருஷம் தெருவில் வேறொரு பயமும் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. சைக்கிள் கடை காசி, வேனில் சும்மா ஏறிப் பார்க்கலாமே என்று போனவர், சாயங்காலம் கையில் பரிசாகக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் வாளியோடு காலை அகட்டி நடந்து வந்தார். அன்றிலிருந்து பையும் பேனாவுமாக யார் வந்து ஆம்பளை பெயரை விசாரித்தாலும், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடுவது என்று தெருவே கூடி முடிவு செய்திருந்தது. இந்து, முஸ்லிம், டீக்கடையில் பாக்கி வைத்தவர், வைக்காதவர் என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தோல் பையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். டீக்கடை அப்பாதுரையிடம் கேட்டார்: "ஜியாவுல்லான்னு ஒருத்தர். முப்பத்தஞ்சு வயசு. கல்யாணமானவரு, மூணு குழந்தைங்க. இருக்காரா?"

வயசு, கல்யாணம், மூணு குழந்தை! அப்பாதுரைக்கு விளங்கிவிட்டது. "பாயா? அவரு ஊர வுட்டே போயிட்டாரே. இனிமே வரமாட்டாரு."

"வீடு?"

"பூட்டிக் கெடக்குதுங்க. சம்சாரம் ஆரணியில கீது."

ஜியாவுல்லா அப்போது எதிரே காசியின் கடையில் உட்கார்ந்திருந்தார். காசி சாப்பிடப் போயிருந்தார். தொப்பி எப்படி மடங்கிப் பைக்குள் போனதென்று அவருக்கே தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரர் நேரே அவரிடம் வந்தார்.

"உங்க பேரு என்னங்க?"

"காசிங்க" என்றார் ஜியாவுல்லா. அந்த அவசரத்திலும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒரு தடவை ஆபரேஷன் ஆனவனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக முடியாதல்லவா?

"ஜியாவுல்லாவைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுங்க. பம்பாய்க்கு ஓடிட்டாரு. ரெண்டு வருஷம் ஆவுது."

"தனியாவா?"

பொய்க்கும் ஒரு ருசி உண்டு. உப்புப் போட ஆரம்பித்தால் கை நிற்காது. "தனியாவா போவாரு? வேற ஒருத்தியோடங்க. பொண்டாட்டி புள்ளைங்களை அம்போன்னு வுட்டுட்டாரு. மோசமான ஆளு சார்."

வந்தவர் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டு போனார். தெருவே கூடி ஜியாவுல்லாவின் முதுகில் தட்டியது. அப்பாதுரை ஓசியில் டீ கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஐப்பசிக் கடைசியில் மெட்ராஸ் போனபோது, கவுண்டர்காரர் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஆள் அந்த விலாசத்துல இல்லையாமே? பம்பாய் போய் ரெண்டு வருஷம் ஆச்சுன்னு போலீஸ் ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார். ஜியாவுல்லாவுக்குப் பூமி ஒரு சுற்றுச் சுற்றியது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார்.

தீபத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். காலையில் நேரே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே அதே வெள்ளைச் சட்டை.

"வாய்யா காசி" என்றார் அதிகாரி.

"நான் காசி இல்லீங்க சார். நான்தான் ஜியாவுல்லா."

அதிகாரி பைலிலிருந்து போட்டோவை எடுத்தார். பென்சில் மீசை ராஜகுமாரனையும், எதிரே வியர்த்து வழிந்து நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடிப்போனவன் பேர்ல பாஸ்போர்ட் வாங்கப் பாக்கறியா? தூக்கி உள்ள வெச்சிருவேன், தெரியுமா?"

ஜியாவுல்லா முகாம், வாளி, வேன் என்று நடந்ததையெல்லாம் கொட்டினார். அதிகாரி நம்பவில்லை. ஆனால் இவ்வளவு கேவலமான கதையை ஒருவன் சொந்தமாகக் கட்டுவானா என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் தெருவுக்கு வந்தார்.

ஜியாவுல்லா எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்ததால், இந்தத் தடவை தெரு தயாராக இருந்தது. ஒரே நேரத்தில் இருபது பேர் சத்தியம் செய்தார்கள். "இவருதான் சார் ஜியாவுல்லா! பொறந்ததுலேர்ந்து இந்தத் தெருவைத் தாண்டினதே இல்ல!"

அதிகாரி அப்பாதுரையைப் பார்த்தார். "நீதானே அன்னிக்கு, ஊர விட்டே போயிட்டாருன்னு சொன்னே?"

"அது அன்னிக்குங்க" என்றார் அப்பாதுரை.

"இந்தத் தெருவுல எவன் பேச்சையும் எடுத்துக்க முடியாது" என்றார் அதிகாரி. "ஜியாவுல்லாவோட சம்சாரத்தைக் கூப்பிடுங்க. அந்தம்மா ஆமான்னா ஆமா. இல்லைன்னா இந்த ஆளு என்னோட வரவேண்டியதுதான்."

ஜாஹிரா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதிகாரி அன்றைக்கு எழுதியதைப் படித்தார். பம்பாய், வேற ஒருத்தி, அம்போ என்று விட்டது, மோசமான ஆள், ஒன்றையும் விடவில்லை.

"இதெல்லாம் யாரு சொன்னது?" என்றாள் ஜாஹிரா.

அதிகாரி பேனாவால் ஜியாவுல்லாவைக் காட்டினார். இவள் 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷார்ஜாவும் இல்லை, வீடும் இல்லை, நேரே லாக்கப்.

ஜாஹிரா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவ பேரு இன்னாங்க?"

"யாரு பேரு?"

"அந்த பம்பாய்க்காரி."

"பேரெல்லாம் வெக்கல ஜாஹிரா" என்றார் ஜியாவுல்லா பரிதாபமாக. "அவ்ளோ நேரம் இல்ல."

முதலில் சிரித்தது காசி. அப்புறம் தெரு முழுக்கச் சிரித்தது. அதிகாரி சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜாஹிராவும் முக்காட்டுக்குள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் அடங்கிய பிறகும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதிக்குங்க சார்" என்றாள் கடைசியில். "இவருதான் ஜியாவுல்லா. என் வூட்டுக்காரரு. மூணு புள்ளைங்களுக்கும் இவருதான் அப்பா. இந்த வூட்லதான் இருக்காரு."

அதிகாரி எழுதினார்.

"ஆனா, பொண்டாட்டி புள்ளைங்களை விட்டுட்டுப் போயிட்டாருன்னு அன்னிக்கு எழுதினீங்களே, அதுவும் பொய் இல்லீங்க. கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டீங்க, அவ்ளோதான்."

அதிகாரியின் பேனா ஒரு நிமிஷம் நின்று, பிறகு ஓடியது. அப்பாதுரை எல்லோருக்கும் டீ ஆற்றத் தொடங்கினார். "பாய், தீபத்துக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டு வந்துடும், போ" என்று காசி அவர் தோளைக் குலுக்கினார். இத்தனை மாதம் ஆட்டை விற்று, பஸ் மாறி, பெயரை மாற்றிக் கேட்டதெல்லாம் அந்த நிமிஷம் கிடைத்துவிட்டது. அதிகாரி காட்டிய இடத்தில் ஜியாவுல்லா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். ஜாஹிரா உள்ளே போயிருந்தாள். பின்னாலேயே போக ஒரு அடி எடுத்து வைத்தவர், கையில் டீ ஆற, நடுத்தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்.